கட்டளைவரியில் பட வடிவம் மாற்றுவது: இமேஜ்மேஜிக்கில் முதல் அடிகள்

போனில் எடுத்த படத்தை ஒரு விண்ணப்பத் தளத்தில் ஏற்றப் போகிறீர்கள். ஜேபிஜி மட்டும்தான் ஏற்போம் என்கிறது தளம். உங்களிடம் இருப்பது .ஹெச்இஐசி. சரி, பெயரின் கடைசியை அழித்துவிட்டு .ஜேபிஜி என்று போட்டால் ஆயிற்று என்று தோன்றும். போட்டு ஏற்றிப் பார்த்தால், கோப்பு செல்லாது என்று திரும்பி வரும்.

பெயரின் முடிவில் இருக்கும் பின்னொட்டு, டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் உப்பு சர்க்கரை ஆகாது. கோப்பின் உள்ளே வேறு அடையாளம் இருக்கிறது. எந்தப் பிஎன்ஜி கோப்பை எடுத்தாலும் அதன் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எண்களாகவே இருக்கும். நடுவில் வரும் 80, 78, 71 என்பவை பி, என், ஜி என்ற மூன்று எழுத்துகளுக்கான எண்கள். ஜேபெக் கோப்பு, அதாவது .ஜேபிஜி என்ற பின்னொட்டோடு வருவது, 255, 216 என்று தொடங்கும். மென்பொருள்கள் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் கோப்பு எந்த வகை என்று முடிவு செய்கின்றன. ஆகவே வடிவம் மாற்றுவது என்றால், ஒரு நிரல் படத்தைத் திறந்து, ஒவ்வொரு பிக்சலையும் படித்து, புதிய வடிவத்தின் முறைப்படி முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஒரே ஒரு படம் என்றால் எந்தப் பட மென்பொருளிலும் திறந்து வேறு வடிவத்தில் சேமித்துவிடலாம். கட்டளைவரி, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் முறை, தேவையே இல்லை. 300 படம் இருந்தால்தான் அதன் அருமை தெரியும். இன்னொரு காரணமும் உண்டு, என் பார்வையில் அதுதான் பெரிது. இணையத்தில் இலவசமாக வடிவம் மாற்றித்தரும் தளங்களில் அடையாள அட்டை, சான்றிதழ், குழந்தைகளின் படம் என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம். உங்கள் கணினியிலேயே மாற்றினால் படம் உங்கள் கையை விட்டுப் போவதில்லை.

இங்கே நாம் பயன்படுத்தப் போவது இமேஜ்மேஜிக். 1987-இல் டூபாண்ட் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஜான் கிறிஸ்டி எழுதத் தொடங்கியது. 1990-இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 200-க்கும் மேற்பட்ட பட வடிவங்களைக் கையாளும்.

தட்டச்சு பற்றி ஒரு விஷயம்

கட்டளைகளை வாய்விட்டுச் சொல்வது போலத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் அடிக்க வேண்டும். பெரும்பாலும் சாதாரண ஆங்கிலச் சொற்கள்தான். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வரக்கூடிய இடத்தில் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன். புள்ளி, கோடு, இரட்டை மேற்கோள் குறி, இடைவெளி எல்லாம் நான் எழுதியிருக்கிறபடியே வர வேண்டும். வாக்கியத்தின் நடுவே கட்டளையைச் சுற்றி வரும் ஒற்றை மேற்கோளை மட்டும் அடிக்க வேண்டாம்.

கோடு என்று சொன்னது விசைப்பலகையில் பூஜ்ஜியத்துக்கு அடுத்த விசையில் இருக்கும் குட்டைக் கோடு. ஆவணம் எழுதும் மென்பொருளிலோ அரட்டைச் செயலியிலோ கட்டளையை எழுதி வைத்துவிட்டு, பிறகு நகலெடுத்து ஒட்டாதீர்கள். அவை குட்டைக் கோட்டைத் தாமாகவே நீளமாக்கிவிடும், நேரான மேற்கோள் குறியை வளைத்துவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கட்டளை மட்டும் ஓடாது. எங்கே தப்பு என்று தேடியே பாதி நாள் போய்விடும். கட்டளைகளைச் சேமித்து வைக்க நோட்பேட் போன்ற எளிய உரைக்கோப்பு போதும்.

நிறுவுதல்

விண்டோஸில் இமேஜ்மேஜிக்கின் சொந்தத் தளத்திலிருந்து நிறுவியை இறக்கி ஓடவிடுங்கள். வழியில், நிரலின் இடத்தைக் கணினி நிரல்களைத் தேடும் பாத் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று கேட்கும் பெட்டியில் குறி இருக்கிறதா பாருங்கள். மேக்கில் நிரல்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ இருந்தால் 'ப்ரூ இன்ஸ்டால் இமேஜ்மேஜிக்' போதும். உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் 'சுடோ ஏபிடி இன்ஸ்டால் இமேஜ்மேஜிக்'. இமேஜ்மேஜிக் என்ற பெயரை இங்கே சேர்த்து, முழுக்கச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். கடைசி எழுத்து கே.

முடிந்ததும் டெர்மினலைப் புதிதாகத் திறந்து இதை அடியுங்கள்:

மேஜிக் -வெர்ஷன்

எழுத்துகள் எம், ஏ, ஜி, ஐ, சி, கே. கடைசியில் உள்ள கே-வை மறக்க வேண்டாம். பதிப்பு 7 என்று தொடங்கி ஏதாவது வந்தால் எல்லாம் சரி.

மேஜிக் என்ற கட்டளையே இல்லை என்று வந்தால், உங்களிடம் பழைய 6-ஆம் பதிப்பு இருக்கக்கூடும். லினக்ஸ் வெளியீடுகள் சிலவற்றில் இன்னும் அதுதான் வருகிறது. அங்கே மேஜிக் என்பதற்குப் பதில் 'கன்வெர்ட்' என்று அடிக்க வேண்டும். பின்னால் வரும் ஐடென்டிஃபை, மொக்ரிஃபை இரண்டுக்கு மட்டும் முன்னால் எதுவும் வேண்டாம், நேரே அந்தச் சொல்லில் தொடங்குங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும். ஆனால் விண்டோஸில் மட்டும் கன்வெர்ட் என்று அடிக்காதீர்கள். அந்தப் பெயரில் விண்டோஸுக்கே சொந்தமான ஒரு கட்டளை இருக்கிறது. அது வட்டு ஒன்றின் கோப்பு அமைப்பை என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றும் கருவி. படத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் பலவற்றில் கன்வெர்ட் என்றே இருக்கும். அதனால்தான் இதைச் சொல்லிவைக்கிறேன்.

வேலை தொடங்கும் முன்

ஒரு புதிய கோப்புறை உண்டாக்குங்கள். மாற்ற வேண்டிய படங்களின் நகலை அதில் போடுங்கள். மூலப் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இமேஜ்மேஜிக் எதையும் கேட்காது. ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, அதன் மேலேயே எழுதட்டுமா என்ற கேள்வி வரவே வராது, எழுதிவிடும். டெர்மினலில் செய்ததைத் திரும்பப்பெறும் பொத்தானும் கிடையாது, குப்பைத்தொட்டிக்கும் போகாது.

அப்புறம் டெர்மினலில் அந்தக் கோப்புறைக்குள் போக வேண்டும். 'சிடி' என்று அடித்து, இடைவெளி விட்டு, கோப்புறையின் பெயர். பாதை நீளமாக இருந்தால் சிடி-க்கும் இடைவெளிக்கும் பிறகு கோப்புறையைச் சுட்டியால் இழுத்து டெர்மினல் சாளரத்தில் விடுங்கள். பெரும்பாலான கணினிகளில் முழுப் பாதையும் தானே வந்து விழும். விண்டோஸில் படங்கள் வேறு டிரைவில் இருந்தால் 'சிடி /டி' என்று தொடங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விண்டோஸில் 'டிஐஆர்', மற்றவற்றில் 'எல்எஸ்'.

முதல் மாற்றம்

மேஜிக் பூ.பிஎன்ஜி பூ.ஜேபிஜி

இவ்வளவுதான். மேஜிக், இடைவெளி, இருக்கிற கோப்பு, இடைவெளி, வேண்டிய கோப்பு. வெளியீட்டுப் பெயரின் பின்னொட்டைப் பார்த்து, எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்று நிரலே புரிந்துகொள்ளும். எண்டர் தட்டியதும் திரையில் ஒன்றும் வராது, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும். புதியவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். கட்டளைவரியில் மௌனம் என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். தப்பு நடந்தால்தான் பேசும்.

நடந்ததா என்று சரிபார்க்க:

மேஜிக் ஐடென்டிஃபை பூ.ஜேபிஜி

ஒரு வரி வரும். கோப்பின் பெயர், அது உண்மையில் எந்த வடிவம், அகலம், உயரம், ஒரு வண்ணத்துக்கு எத்தனை பிட், கோப்பின் எடை எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவதாக வரும் சொல்லைக் கவனியுங்கள். பெயரை மட்டும் மாற்றிய கோப்பைக் கொடுத்தால் இந்த இடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்: பெயர் .ஜேபிஜி என்று முடியும், பக்கத்திலேயே பிஎன்ஜி என்று எழுதியிருக்கும். யாராவது அனுப்பிய படம் திறக்க மறுத்தால் நான் முதலில் அடிக்கும் கட்டளை இதுதான்.

கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள்: "என் பூ.பிஎன்ஜி". இல்லாவிட்டால் 'என்' ஒரு கோப்பு, 'பூ.பிஎன்ஜி' இன்னொரு கோப்பு என்று எடுத்துக்கொண்டு, திறக்க முடியவில்லை என்று சொல்லும். பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைத்திருந்தாலும் தடையில்லை. சில டெர்மினல்களில் கொம்பும் காலும் பிரிந்து தெரியும். அது காட்சிக் குறைதான், கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

எந்தப் படத்துக்கு எந்த வடிவம்

கட்டளை கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். எதை எதுவாக மாற்றுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இதில் தவறினால் கட்டளை சரியாக ஓடினாலும் படம் கெட்டுவிடும்.

1992-இல் தரநிலையான ஜேபெக், ஒளிப்படங்களுக்காகவே உருவானது. அது படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் அதிகம் கவனிக்காத நுண்விவரங்களைக் கழித்துவிடும். முகம், மரம், வானம் போன்ற படங்களில் வண்ணம் மெல்ல மெல்ல மாறுவதால் இந்தக் கழிவு தெரியாது. எழுத்திலும் கோட்டிலும் அப்படி இல்லை. வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்துள்ள திரைப்பிடிப்பு ஒன்றைக் குறைந்த தர ஜேபெக்காக மாற்றி, நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகத் தூசி படிந்தது போல இருக்கும். எழுத்தைக் கொஞ்சம் தாண்டிப் போனால் திடீரென்று சுத்த வெள்ளை. அந்தத் தூசி நிற்கும் எல்லைதான் 8×8 கட்டத்தின் விளிம்பு. சிவப்பு எழுத்தாக இருந்தால் இன்னும் மோசம். நிறம் பக்கத்தில் வழிந்து நிற்கும், ஏனென்றால் ஜேபெக் வழக்கமாக நிறத் தகவலை வெளிச்சத் தகவலை விடக் குறைந்த துல்லியத்தில் சேமிக்கிறது.

பிஎன்ஜி எதையும் கழிக்காது. ஒவ்வொரு பிக்சலும் அப்படியே திரும்ப வரும். 1987-இல் வந்த ஜிஃப் வடிவத்தில் ஒரு படத்துக்கு 256 வண்ணம்தான். அதன் சுருக்க முறைக்குக் காப்புரிமைச் சிக்கலும் வந்தது. அதற்கு மாற்றாக 1996-இல் வந்தது பிஎன்ஜி. திரைப்பிடிப்பு, சின்னம், வரைபடம், பின்னணி இல்லாத படம் எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. ஒளிப்படத்துக்கு வைத்தால் கோப்பு கனத்துப் போகும். கணக்குப் பாருங்கள்: 4000×3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்றால் சுருக்காத நிலையில் 3 கோடியே 60 லட்சம் பைட். இழப்பில்லாமல் சுருக்கினால் இதிலிருந்து ஓரளவுதான் குறையும். ஜேபெக் அதையே சில மெகாபைட்டில் அடக்கிவிடும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று: மங்கிப்போன ஜேபெக்கைப் பிஎன்ஜியாக மாற்றினால் தெளிவாகுமா? ஆகாது. கழித்த விவரம் கழித்ததுதான். தூசி படிந்த அதே படத்தைப் பிஎன்ஜி துல்லியமாகப் பாதுகாக்கும், கோப்பின் எடை மட்டும் பல மடங்கு ஏறும். இழப்புள்ள வடிவத்துக்குப் போவது ஒருவழிப் பாதை. அதனால்தான் மூலத்தை வைத்துக்கொண்டு நகலை மாற்றுங்கள் என்கிறேன். நாளை வேறு அளவோ வேறு வடிவமோ தேவைப்பட்டால், முன்பு மாற்றிய ஜேபெக்கிலிருந்து மறுபடி மாற்றாமல் மூலத்திலிருந்தே எடுக்கலாம். ஒவ்வொரு முறை ஜேபெக்காகத் திரும்ப எழுதும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

கூகுள் 2010-இல் அறிமுகம் செய்த வெப்பி என்ற வடிவம் இழப்போடும் இழப்பில்லாமலும் இரண்டு விதமாகவும் சேமிக்கும், பின்னணி இல்லாத படத்தையும் ஏற்கும், இணையப் பக்கத்துக்கு நல்லது. ஒரு பக்கம் 16383 பிக்சலுக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் வரம்பு. நீளமான திரைப்பிடிப்புகளில் சிலசமயம் இடிக்கும்.

தர எண்

மேஜிக் பூ.பிஎன்ஜி -குவாலிட்டி 85 பூ.ஜேபிஜி

ஜேபெக்குக்கு இந்த எண் 1 முதல் 100 வரை போகும். இது சதவிகிதம் இல்லை. 50 என்றால் பாதித் தரம், பாதி எடை என்று பொருளில்லை. எண் கொடுக்காவிட்டால், மூலப் படம் ஜேபெக்காக இருந்து அதன் தரத்தைக் கணிக்க முடிந்தால் அதையே பின்பற்றும், இல்லாவிட்டால் 92. ஒளிப்படத்துக்கு நான் வழக்கமாக 85 வைக்கிறேன். நீங்கள் என் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே படத்தை 60, 75, 85, 92 என்று நான்கு பெயரில் மாற்றி, முழு அளவில் அடுத்தடுத்துத் திறந்து, முடி, துணியின் நெய்வு, வானத்தின் நிறமாற்றம் ஆகிய இடங்களைப் பாருங்கள். எந்த எண்ணில் உங்கள் கண்ணுக்குக் குறை தெரிய ஆரம்பிக்கிறதோ அதற்கு ஒரு படி மேலே நில்லுங்கள். பத்து நிமிட வேலை, ஒருமுறை செய்தால் போதும்.

பிஎன்ஜிக்கும் இதே குவாலிட்டி சொல்லைக் கொடுக்கலாம், ஆனால் அங்கே அதற்கு வேறு பொருள்: எவ்வளவு முயன்று சுருக்க வேண்டும் என்பதுதான். படத்தின் தரம் மாறாது.

பின்னணி கருப்பாகிவிட்டால்

பின்னணி இல்லாத சின்னம் ஒன்று பிஎன்ஜியாக இருக்கிறது. ஜேபெக்காக மாற்றினால், காலியாக இருந்த இடமெல்லாம் கருப்பாக வந்து நிற்கிறது. ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை என்ற ஒன்றே கிடையாது. மறைந்திருந்த பிக்சலுக்கு அடியில் என்ன நிறம் இருந்ததோ அது வெளியே வந்துவிடும். பல கோப்புகளில் அது கருப்பு. என்ன நிறத்தின் மேல் வைக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்:

மேஜிக் சின்னம்.பிஎன்ஜி -பேக்கிரவுண்ட் ஒயிட் -ஆல்ஃபா ரிமூவ் சின்னம்.ஜேபிஜி

பேக்கிரவுண்ட் என்பது ஒரே சொல், இடைவெளி கிடையாது. ஒயிட் என்ற இடத்தில் வேறு நிறத்தின் ஆங்கிலப் பெயரையும் கொடுக்கலாம்.

வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் உள்ளீட்டுக் கோப்பு, பிறகு அதற்குச் செய்ய வேண்டியவை, கடைசியில் வெளியீட்டுக் கோப்பு. இமேஜ்மேஜிக் கட்டளையை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். படத்தை எடு, இதைச் செய், அதைச் செய், இந்தப் பெயரில் வை. வரிசையை மாற்றினால் விளைவும் மாறும்.

அளவைக் குறைக்க

மேஜிக் பூ.ஜேபிஜி -ரீசைஸ் 1600 சிறியபூ.ஜேபிஜி

அகலம் 1600 பிக்சலாகும், உயரம் அதே விகிதத்தில் தானே அமையும். 50% என்று கொடுத்தால் இரண்டு பக்கமும் பாதியாகும். 1600எக்ஸ்1600 என்று கொடுத்தால், எக்ஸ் இங்கே ஒற்றை எழுத்து, அந்தச் சதுரத்துக்குள் அடங்கும்படி வைக்கும். படத்தை நசுக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே சிறியதாக இருக்கும் படத்தையும் இது 1600-க்கு இழுத்துப் பெரிதாக்கிவிடும். பெரிய படத்தை மட்டும் குறைத்தால் போதும் என்றால் எண்ணுக்குப் பின்னால் > குறி சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது கட்டாயம் மேற்கோளுக்குள்:

மேஜிக் பூ.ஜேபிஜி -ரீசைஸ் "1600எக்ஸ்1600>" சிறியபூ.ஜேபிஜி

மேற்கோள் இல்லாமல் அடித்தால் என்ன நடக்கும் தெரியுமா? > குறியை இமேஜ்மேஜிக் பார்ப்பதற்கு முன்பே டெர்மினல் பிடித்துக்கொள்ளும். டெர்மினலுக்கு அந்தக் குறியின் பொருள், வருகிற வெளியீட்டை அடுத்துள்ள கோப்பில் கொட்டு என்பது. அதனால் முதல் காரியமாகச் சிறியபூ.ஜேபிஜி என்ற கோப்பை வெறுமையாக்கிவிடும். அதன் பிறகுதான் இமேஜ்மேஜிக் ஓடத் தொடங்கி, அரைகுறைக் கட்டளையைப் பார்த்துப் பிழை சொல்லும். கோப்புறையில் 0 பைட் எடையில் ஒரு கோப்பு மட்டும் மிஞ்சும். அந்தப் பெயரில் முன்பே நல்ல படம் ஒன்று இருந்திருந்தால் அதுவும் போயிற்று.

சாய்ந்து நிற்கும் படமும் கூடவே போகும் தகவலும்

போன் எடுக்கும் படங்களுக்குள் எக்சிஃப் என்ற தகவல் தொகுப்பு இருக்கும். எந்த நாள், எந்தக் கருவி, பல நேரம் எந்த இடம் என்ற ஆயங்கள் வரை. போனை எப்படிப் பிடித்து எடுத்தீர்கள் என்பதும் அதில்தான். பெரும்பாலும் போன் படத்தைத் திருப்பி எழுதுவதில்லை. இதை 90 பாகை திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பு தொலைந்தால் படம் படுத்துக்கொள்ளும்.

இணையத்தில் போடும் படத்திலிருந்து இடத் தகவலை நீக்குவது நல்ல பழக்கம். வீட்டில் எடுத்த படம் என்றால் உங்கள் வீட்டின் இருப்பிடமே அதில் இருக்கலாம்.

மேஜிக் பூ.ஜேபிஜி -ஆட்டோ-ஓரியன்ட் -ஸ்ட்ரிப் பூ2.ஜேபிஜி

ஸ்ட்ரிப் எல்லாத் தகவலையும் உரித்துவிடும், திருப்பும் குறிப்பு உட்பட. அதனால் ஆட்டோ-ஓரியன்ட் முன்னால் வர வேண்டும். அது குறிப்பைப் படித்துப் படத்தை உண்மையாகவே திருப்பி வைக்கும், அப்புறம் உரித்தால் நஷ்டமில்லை. ஸ்ட்ரிப் வண்ண விவரக்குறிப்பையும் எடுத்துவிடும் என்பதால் அச்சுக்குப் போகும் படங்களில் இதைத் தவிருங்கள். அங்கே நிறம் மாறித் தெரியக்கூடும்.

ஹெச்இஐசி

ஆப்பிள் 2017-இல் ஐஓஎஸ் 11 வெளியிட்டபோது ஐபோன் படங்களுக்கு இந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் சொன்ன விண்ணப்பச் சிக்கலுக்குத் தீர்வு முதல் கட்டளையைப் போன்றதே:

மேஜிக் பூ.ஹெச்இஐசி -குவாலிட்டி 90 பூ.ஜேபிஜி

ஓடாமல், டீகோட் டெலிகேட் இல்லை என்ற ரீதியில் பிழை வந்தால், உங்கள் இமேஜ்மேஜிக்கில் அந்த வடிவத்தைப் படிக்கும் நூலகம் சேர்க்கப்படவில்லை என்று பொருள். 'மேஜிக் -லிஸ்ட் ஃபார்மட்' என்று அடித்தால் நீண்ட பட்டியல் வரும். ஒவ்வொரு வடிவத்துக்கு எதிரிலும் ஆர் இருந்தால் படிக்கும், டபிள்யூ இருந்தால் எழுதும். புதிய வடிவம் எதையும் தொடுவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மொத்தமாக மாற்ற

கோப்புறை முழுவதையும் ஒரே அடியில் மாற்ற மொக்ரிஃபை இருக்கிறது. எழுத்துகள் எம், ஓ, ஜி, ஆர், ஐ, எஃப், ஒய். இது பலமான கருவி, ஆபத்தானதும் கூட. மேஜிக் கட்டளையில் உள்ளீடு ஒரு பெயர், வெளியீடு வேறு பெயர். மொக்ரிஃபையில் வெளியீட்டுப் பெயரே கிடையாது. வேறு ஏதும் சொல்லாவிட்டால் கோப்பைத் திறந்து, மாற்றி, அதன் மேலேயே எழுதிவிடும்.

தொடக்க காலத்தில் ஒரு குடும்ப விழாவின் படங்களை மின்னஞ்சலில் அனுப்ப 800 பிக்சலுக்குக் குறைக்க நினைத்தேன். மொக்ரிஃபை, ரீசைஸ், 800, நட்சத்திரக் குறி, எண்டர். சில நொடியில் முடிந்தது. மறுநாள் அதில் ஒரு படத்தைப் பெரிதாக அச்சிடக் கேட்டார்கள். திறந்து பார்த்தபோதுதான், மூலம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததே 800 பிக்சலாகிவிட்டது தெரிந்தது. கேமரா அட்டையையும் அதற்குள் அழித்திருந்தேன். அந்தப் படங்கள் இன்றும் அந்த அளவில்தான் இருக்கின்றன.

அதனால் மொக்ரிஃபையை எப்போதும் -பாத் சேர்த்தே பயன்படுத்துங்கள். முதலில் வெளியீட்டுக்கு ஒரு கோப்புறை உண்டாக்க வேண்டும், அது தானாக உண்டாக்காது:

எம்கேடிஐஆர் புதியவை

மேஜிக் மொக்ரிஃபை -பாத் புதியவை -ஃபார்மட் ஜேபிஜி -குவாலிட்டி 85 *.பிஎன்ஜி

நட்சத்திரக் குறி, அந்தப் பின்னொட்டில் முடியும் எல்லாக் கோப்புகளையும் குறிக்கும். மாறிய படங்கள் எல்லாம் 'புதியவை' கோப்புறைக்குள் சேரும், மூலம் அசையாது. இடையில் -ரீசைஸ், -ஆட்டோ-ஓரியன்ட், -ஸ்ட்ரிப், பின்னணி நிறம் என்று முன்பு பார்த்த எதையும் சேர்க்கலாம். எல்லாம் நட்சத்திரக் குறிக்கு முன்னால் வர வேண்டும். 6-ஆம் பதிப்பில் முன்னால் மேஜிக் இல்லாமல் நேரே மொக்ரிஃபை என்று தொடங்குங்கள்; ஐடென்டிஃபைக்கும் அப்படித்தான்.

லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கேமரா பெரிய எழுத்தில் பின்னொட்டு வைத்திருந்தால், சிறிய எழுத்தில் கேட்கும் நட்சத்திரக் குறி அவற்றைத் தொடாது. பாதிப் படங்கள் மாறவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம், பூ.பிஎன்ஜி, பூ.ஹெச்இஐசி என்று ஒரே முதற்பெயரில் இரண்டு இருந்தால், இரண்டும் பூ.ஜேபிஜி ஆகும், இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வெளியீட்டுக் கோப்புறை வைத்தால் இந்தக் கவலை இல்லை.

பிடிஎஃப், ஜிஃப்

பிடிஎஃப் பக்கத்தைப் படமாக்கக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற தனி நிரலும் நிறுவியிருக்க வேண்டும்.

மேஜிக் -டென்சிட்டி 300 கடிதம்.பிடிஎஃப் கடிதம்.பிஎன்ஜி

இங்கே மட்டும் டென்சிட்டி கோப்புக்கு முன்னால் வந்திருக்கிறது. பக்கத்தைப் படமாக்கும் நேரத்திலேயே எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பின்னால் சொன்னால், 72 புள்ளி என்ற இயல்பளவில் மங்கலாக உருவான படத்தைத்தான் பெறுவீர்கள். பல பக்கம் இருந்தால் கடிதம்-0, கடிதம்-1 என்று எண்ணிட்டுத் தனித்தனியாக எழுதும். அசையும் ஜிஃப்பை ஜேபெக்காக மாற்றும்போதும் இப்படியே ஒவ்வொரு சட்டமும் ஒரு கோப்பாகும். முதலாவது மட்டும் போதும் என்றால் பெயருக்குப் பின் [0] சேர்த்து, மேற்கோளுக்குள்: "கடிதம்.பிடிஎஃப்[0]". எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது.

லினக்ஸில், பாதுகாப்புக் கொள்கைப்படி அனுமதியில்லை என்ற பிழை இங்கே வரக்கூடும். அது உங்கள் தவறில்லை. கோஸ்ட்ஸ்கிரிப்டில் முன்பு கண்ட பாதுகாப்பு ஓட்டைகள் காரணமாகச் சில வெளியீடுகள் பிடிஎஃப்பைத் தடுத்தே வைத்திருக்கின்றன. தடையைத் தளர்த்தச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். சொந்தக் கணினியில் நம்பிக்கையான ஆவணங்களுக்கு என்றால் யோசிக்கலாம். யார் யாரோ கோப்பு ஏற்றும் சர்வரில் அதைத் தொடாதீர்கள். பாப்லர் தொகுப்பில் வரும் பிடிஎஃப்டூபிபிஎம் என்ற கருவி, தடையைத் தொடாமலேயே இந்த வேலையைச் செய்யும்.

மாற்றி முடித்த பிறகு

வெளியீட்டுக் கோப்புறையில் எத்தனை கோப்பு இருக்கிறது என்று எண்ணுங்கள். உள்ளே போன எண்ணிக்கையுடன் ஒத்துப்போக வேண்டும். எடைப்படி வரிசைப்படுத்துங்கள். 0 பைட்டோ சந்தேகப்படும்படி மிகச் சிறியதோ இருந்தால் அது மேலே வந்து நிற்கும். 'மேஜிக் ஐடென்டிஃபை *.ஜேபிஜி' அடித்து இரண்டாம் சொல் எல்லா வரியிலும் ஜேபெக் என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் மூன்று படத்தைக் கண்ணால் திறந்து பாருங்கள்: ஒன்று செங்குத்தாக எடுத்தது, ஒன்று எழுத்து உள்ளது, ஒன்று பின்னணி இல்லாமல் இருந்தது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 'புதியவை' கோப்புறையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வேலைக்காக எடுத்த நகல் கோப்புறையை இப்போது அழித்துவிடலாம்.